வான்கோழி ஒத்திகை

வாங்க நர்ஸம்மா, வாங்க. மருந்து டப்பாவைக் கொண்டாந்துட்டியளா? சந்தோஷம். அந்த மேசை மேல வைங்க. பஞ்சு, கட்டுத்துணி, அந்த மஞ்ச மருந்து எல்லாம் உள்ள இருக்குல்லா? நாளைக்கு அறுப்பின் பண்டிகை முடிஞ்சதும் உங்க கையில பத்திரமாக் கொடுத்திருவேன். போன வருசம் இப்படி ஒரு டப்பா இல்லாமப் போனதுலதான் எனக்கு இவ்வளவு கெட்ட பேரு.

உங்க மக பியூலாவையா தேடுதிய? அவ அப்பமே வந்துட்டா. கோயிலுக்குப் பின்னால பனங்காட்டுல மத்தப் பிள்ளைகளோட ஒத்திகை பாத்துக்கிட்டு இருக்கா. நீங்க அங்க போக வேண்டாம். தாய்மாரு முகத்தக் கண்டா பிள்ளைகளுக்கு நடிப்பு வராது. இங்க உக்காருங்க. இந்த ஜன்னல் வழியாச் சத்தம் நல்லாக் கேக்கும். பிளாஸ்க்ல கருப்பட்டிக் காப்பி இருக்கு, ஊத்துதேன்.

ஊருக்குப் புதுசுல்லா நீங்க, அதனால சொல்லுதேன். ஞானப்பூ டீச்சர்னு சொன்னா இந்தச் சேகரம், சுத்துப்பட்டு ஊருக் கோயில் பூராவுக்கும் தெரியும். பள்ளிக்கூட வேலையில இருந்து ஓய்வு வாங்கிட்டேன். கோயில்ல ஞாயித்துக்கிழமை ஓய்வுநாள் பள்ளி மட்டும் என் கையவிட்டுப் போகல. நடுவுல கொஞ்ச மாசம் பிடுங்கிட்டாவ. அந்த அநியாயத்தத்தான் உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன். இந்தக் கையால ஒரு பிள்ளைய அடிச்சதில்ல. ஒரு பிள்ளையப் பாத்துச் சீன்னு சொன்னதில்ல. ஜெமிமாவோட அம்மாகூட அத ஒத்துக்கிட்டா.

ஜெமிமா யாருன்னா கேக்கிய? வாரேன், அவகிட்டத்தான் வாரேன். முதல்ல வான்கோழி.

உங்க பக்கம் அறுப்பின் பண்டிகை எப்படின்னு எனக்குத் தெரியாது. இங்க, வெளைஞ்சதுல முதல்ல பறிச்சத எல்லாரும் கோயிலுக்குக் கொண்டு வருவாவ. வாழைத்தார், நெல்லு, பூசணிக்காய், வீட்டுக்கோழி போட்ட முட்டை. ஆராதனை முடிஞ்சதும் வாசல்ல ஏலம். இதுல ஒரு அழகு என்னன்னா, ஏலம் எடுத்தவரு பொருள வீட்டுக்குக் கொண்டு போகமாட்டாரு. காணிக்கைன்னு திருப்பிக் கொடுத்திருவாரு. மறுபடி ஏலம். ஒரு கட்டு முருங்கைக்காய் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் கை மாறிக்கிட்டே இருக்கும். கடைசில வாடி வதங்கிப் போயிரும். ஆனா எல்லாருக்கும் அதத் தொட்ட சந்தோஷம் இருக்கும்லா?

அந்த ஏலத்துக்குத் தாவீது அண்ணாச்சி வருசா வருசம் ஒரு வான்கோழிச் சேவல் கொடுப்பாவ. பனங்காட்டுல கம்பிவேலி போட்டு வளக்காவ. வான்கோழி நிக்கிற இடத்துல பாம்பு அண்டாதுன்னு அவியளுக்கு நம்பிக்கை. பண்டிகைக்குப் பட்டணத்துல இருந்து வார பிள்ளைக பூராவும் அந்த வேலிகிட்டத்தான் நிக்கும். அப்பம்தான் எனக்குத் தோணிச்சு. ஆளுக்கு ஒரு சேதி வான்கோழியப் பத்தி மனப்பாடம் பண்ணி, சபைக்கு முன்னால சொன்னா எப்படி இருக்கும்? படிப்பும் ஆச்சு, வேடிக்கையும் ஆச்சு. யாரு செய்வா சொல்லுங்க, இந்தக் குக்கிராமத்துல?

நானே நின்னு நின்னு பாத்துச் சேகரிச்ச சேதிதான் எல்லாம். சேவலுக்கு நெஞ்சுல ஒரு கத்தை முடி தொங்கும், தாடி மாதிரி. அது முடி இல்ல, இறகு. மூக்கு மேல ஒரு சதை கெடக்கும். பெட்டைக்கு முன்னால ஜம்பம் அடிக்கும்போது அது நீண்டுக்கிட்டே போகும். தலைக்கு ஒரே நெறம் கெடையாது. கோவம் வந்தாச் செவக்கும். மனசு மாறினா நீலமாகும், வெளுக்கும். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். மனுசருக்கும் இப்படி இருந்தா வீட்டுல பாதிச் சண்டை வராதுல்லான்னு நான் சொல்லுவேன், சிரிக்கும் எல்லாம்.

கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கும். கழுத்தக் கொஞ்சம் திருப்புனாப் போதும், சுத்தி நடக்குறது அத்தனையும் தெரிஞ்சிரும். என்னையும் பிள்ளைக அப்படித்தான் சொல்லும், டீச்சருக்கு முதுகுலயும் கண்ணுன்னு. பெட்டை அடைக்கு உக்காந்துட்டா அது யாரு முட்டைன்னு பாக்காது, தீனியையும் மறந்துரும். குஞ்சுக்குத் தானா இரை எடுக்கத் தெரியாது. பழகுன குஞ்சு ஒண்ணப் பக்கத்துல விட்டா, அது கொத்துறதப் பாத்து இதுவும் கொத்தும். ஒண்ணு செய்யுறதப் பாத்துத்தான் இன்னொண்ணு படிக்கும்.

பெறகு இந்தக் கைதட்டு. நீங்க ஓங்கிக் கை தட்டுங்க, அந்தானைக்கு அத்தனை சேவலும் ஒண்ணாப் பதில் சொல்லும். ஒண்ணு முந்தாது, ஒண்ணு பிந்தாது. நான் பாத்த வரைக்கும் ஒரே ஒரு நேரம்தான் பதில் சொல்லாது, அதப் பெறகு சொல்லுதேன். இப்பம் பாருங்க, தட்டுதேன்.

கேட்டியளா? களகளகளன்னு? அது கோழி இல்லம்மா. நம்ம பிள்ளைக. நான் எங்க இருந்து தட்டினாலும் அதுகளும் அப்படியே பதில் சொல்லும், அப்படிப் பழக்கி வச்சிருக்கேன். கடைத்தெருவுல தட்டினாக்கூடச் சொல்லும். ஊரே அசந்து போகும்.

காப்பி ஆறுதே, குடிங்க.

ஜெமிமா போன வருசம் வந்தவ. பியூலா வயசுதான் இருக்கும். அவ அம்மா புருசன விட்டுட்டு, இங்க தம்பி வீட்டுல வந்து தங்குனா. யாரு யாரை விட்டான்னு எனக்குத் தெரியாது, நான் கேக்கவும் இல்ல. பொம்பளைகதான் குழாயடியில பேசிக்கிட்டாவ. கழுத்துல ஒண்ணுமில்லாம கோயிலுக்கு வாராளே, முன் வரிசையில உக்காருதாளேன்னு. நான் அவியள அடக்குனேன். முன்னாலயே உக்காரட்டும், நாம எழும்பிப் பின்னால போயிருவோம்னு சொல்லிட்டேன். ரெண்டு வாரம் அந்த வரிசையில அவ மட்டும் இருந்தா. பெறகு அவளே பின்னால போயிட்டா. ஒரு சண்டை, ஒரு சத்தம் இல்ல பாருங்க.

உங்களப் பத்தியும் கேட்டாவதான். வீட்டுக்காரரு வரலியா, நர்ஸம்மா மட்டும் பிள்ளையோட வந்திருக்காவளேன்னு. நான் அடக்கி வச்சிருக்கேன். நீங்க கவலைப்படாதிய.

அந்த ஜெமிமா அமைதியான பிள்ளை. வான்கோழிக் கூட்டத்துல புதுசா ஒண்ண விட்டா என்ன செய்யும்னு அண்ணாச்சி எனக்குக் காட்டியிருக்காவ. எல்லாம் சுத்தி நிக்கும். குரல வச்சே தெரிஞ்சுக்கிடும், இது நம்ம கூட்டம் இல்லன்னு. புதுசுக்கு ஒரு துளி ரத்தம் வந்துட்டா முடிஞ்சுது. அந்த இடத்தையே கொத்தும், ஒண்ணு மாத்தி ஒண்ணு, அது சாயுற வரைக்கும். கோவம்னு நினைக்காதிய. செவப்பப் பாத்தா அதுகளால கொத்தாம இருக்க முடியாது. அதோட படைப்பு அப்படி.

இந்தச் சேதிய வச்சுத்தான் நாடகத்தோட முக்கியக் காட்சிய நான் எழுதுனேன். காயம்பட்ட கோழின்னு பேரு. ஒரு பிள்ளை நடுவுல நிக்கணும். கையில செவப்பு ரிப்பன் கட்டியிருக்கும், அதுதான் காயம். மத்தப் பிள்ளைக வட்டமா நின்னு கொத்த வரும். இது முதல் பாதி. அப்புறம் ஒரு பிள்ளை மருந்து டப்பாவோட ஓடி வரணும். கோழிதான் காயத்தக் கொத்தும், மனுசன் காயத்துக்கு மருந்து போடணும்னு சொல்லிக் கட்டுப் போடணும். எல்லாரும் அவளக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஒரு பாட்டு. அது ரெண்டாம் பாதி. படிக்கும்போதே எனக்குக் கண்ணீர் வந்துட்டு. எவ்வளவு பெரிய கருத்து பாருங்க.

நடுவுல நிக்கிற வேஷத்த ஜெமிமாவுக்குக் கொடுத்தேன். எதுக்குன்னு நினைக்கிய? புதுசா வந்த பிள்ளைக்கு முக்கியமான வேஷம் கொடுத்தாத்தான் அதுக்கு ஊரு ஒட்டும். மத்த தாய்மாரெல்லாம் எங்க பிள்ளைக்கு ஏன் இல்லன்னு கேட்டாவ. நான் அசையல.

கொத்துற பிள்ளைகளுக்குக் கோழி மூக்கு எல்லாம் நானே செஞ்சேன். பனை ஓலையக் கூம்பா மடிச்சு, உள்ள ஈர்க்குக் குச்சி வச்சு, விரல்ல மாட்டுற மாதிரி. அட்டையில செஞ்சா மொழுக்குன்னு இருக்கும், வாத்து மாதிரி. ஓலைன்னா நல்லாக் கூரா நிக்கும். தூரத்துல இருந்து பாத்தா அசல் கோழி மூக்குத்தான்.

ஒத்திகை தெனமும் நடந்துச்சு. ஆனா மருந்து டப்பா ஒண்ணு கிடைக்கல. அப்பம் இருந்த நர்ஸம்மாகிட்டக் கேட்டேன், இது அரசாங்கச் சாமான், விளையாடத் தரமாட்டேன்னுட்டாவ. அவிய சுபாவம் அப்படி. டப்பா இல்லாம ரெண்டாம் பாதிய எப்படிப் பழக்க? முதல் பாதிய மட்டும் பழகுவோம், டப்பா கிடைச்ச பெறகு மத்ததப் பாத்துக்கிடலாம்னு விட்டுட்டேன். முதல் பாதி மட்டும் அவ்வளவு நல்லா வந்துச்சு நர்ஸம்மா. நான் கை தட்டினா வட்டம் போட்டுரும். மறுபடி தட்டினா நெருங்கும். நிப்பாட்டுறதுக்கு ஒரு தட்டு வைக்கணும்னு எனக்குத் தோணல. ரெண்டாம் பாதி வந்தாத் தானா நிக்குமே.

பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. பள்ளிக்கூடத்துலயும் அதே விளையாட்டு, குளத்தடியிலயும் அதே. ஜெமிமா ரிப்பன அவுத்துட்டு வந்தா, இதுகளே மறுபடி கட்டிவிடும். ஒரு நாள் முழுக்கைச் சட்டை போட்டு வந்தா, அதையும் சுருட்டிவிட்டுதுவ. அவ அம்மா ஒருதடவ வீட்டுக்கு வந்தா. டீச்சர், எம்பிள்ளை கையப் பாருங்கன்னா. பாத்தேன். புள்ளி புள்ளியா இருந்துச்சு, கொசு கடிச்சாப்புல. பிள்ளைக விளையாட்டுலா இது, பெரிய மனுசி நீ வந்து நிக்கலாமான்னு கேட்டேன். தன்மையாத்தான் கேட்டேன். வேஷம் வேண்டாம்னா சொல்லு, வேற பிள்ளைக்குக் கொடுத்திருதேன், ஆனா பெறகு யாரும் உம்பிள்ளைய விளையாட்டுக்குச் சேக்கலன்னு வந்து அழக் கூடாதுன்னேன். அவ பிள்ளையோட சட்டைக் கைய எறக்கிவிட்டா. நீங்க அடிக்கமாட்டிய, அது எனக்குத் தெரியும் டீச்சர்னு சொல்லிட்டுப் போயிட்டா. இதத்தான் சொன்னேன், அவளே ஒத்துக்கிட்டான்னு.

பண்டிகையன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஊருல ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாவ. நான் நடந்தத மட்டும் சொல்லுதேன். கோயில் வாசல்ல ஏலம் நடந்துக்கிட்டு இருக்கு. அண்ணாச்சி கொடுத்த சேவல் கால் கட்டி ஏல மேசைக்குக் கீழ கெடக்கு, மத்தச் சேவல எல்லாம் அவிய முந்தின வாரமே வித்துட்டாவ. ஏலம் முடிஞ்சதும் நாடகம். ஐயரு, அதான் நம்ம பாதிரியாரு, பிள்ளைகளத் தயாராக்குங்கன்னு சொன்னாவ. நான் வாசல்ல நின்னபடியே கை தட்டுனேன். பதில் வரல.

மறுபடி தட்டுனேன். வரல.

நான் சொன்னேன்லா, ஒரே ஒரு நேரம்தான் பதில் சொல்லாதுன்னு. காயம்பட்டதக் கொத்திக்கிட்டு இருக்கும்போது எவ்வளவு தட்டினாலும் கோழி தலையத் தூக்காது. அந்தச் சேதி அப்பம் எனக்கு ஞாபகம் வரல. பிள்ளைக பாயசத்துக்குப் போயிருக்கும்னு நினைச்சேன்.

பனங்காட்டுக்குப் போய்ப் பாத்தா, பிள்ளைக எல்லாம் வேலிக்கு வெளிய நிக்குதுவ. விரல்ல ஓலை மூக்கு. ஜெமிமா வேலிக்கு உள்ள கெடந்தா. எப்படியோ கம்பிக்குக் கீழ நுழைஞ்சு போயிருக்கா. கையி, கழுத்து, இந்த இடது கண்ணு ஓரம் எல்லாம் ரத்தம். சுத்திப் பெட்டை வான்கோழிக நின்னுது. ரத்தத்தப் பாத்தாக் கோழி விடாதேன்னு ஓடுனேன். ஆனா ஒண்ணுகூட அவளக் கொத்தல நர்ஸம்மா. சும்மா சுத்தி நின்னுதுவ, வேலிப்பக்கம் பாத்து, பிள்ளைகளப் பாத்து. கிழட்டுப் பெட்டை ஒண்ணு அவ மடிகிட்ட உக்காந்திருந்துச்சு, அடை காக்குற மாதிரி. என் சேதிகள்ல இது ஒண்ணுதான் தப்பாப் போச்சு. எனக்கு இன்னைக்கும் வெளங்கல.

கண்ணு போகல, போகலம்மா. பார்வைதான் கொஞ்சம் மட்டுன்னு சொன்னாவ.

சேவல் கொத்திட்டு. அதுதான் நடந்துச்சு. ஐயரு கேட்டாவ, அண்ணாச்சி கேட்டாவ, பிள்ளைக எல்லாம் ஒரே குரல்ல சொல்லுச்சுவ, சேவல் கொத்திட்டுன்னு. ஒண்ணு முந்தல, ஒண்ணு பிந்தல. பிள்ளைக பொய் சொல்லுமா?

என்ன கேட்டிய? சேவல் கால் கட்டி வாசல்ல கெடந்துச்சேன்னா?

கெடந்துச்சு. அவுத்துக்கிட்டுப் போயிட்டு வந்திருக்கும். அந்தச் சேவல அன்னைக்கு ஏலம் விடல, அறுத்துப் போட்டாவ. ஊருக்கே சாப்பாடு. கறி கொஞ்சம் முத்தல். ஜெமிமாவுக்கும் ஒரு கும்பா கொடுத்து அனுப்புனேன், திருப்பி அனுப்பிட்டாவ. அந்த வாரமே தாயும் மகளும் ஊரவிட்டுப் போயிட்டாவ. சொல்லாமக் கொள்ளாம.

அதோட விட்டிருந்தா எனக்கு வருத்தம் இல்ல. அந்தப் பழைய நர்ஸம்மா இருக்காவளே, கட்டுப் போட்டவிய, இது கோழி கொத்துன காயம் இல்ல, ஈர்க்கு குத்துன காயம்னு ஐயருகிட்டச் சொல்லியிருக்காவ. நாளும் பொழுதும் என்கிட்டப் பழகுனவிய. ஐயரு அதக் கேட்டுக்கிட்டு ஓய்வுநாள் பள்ளிய என்கிட்ட இருந்து எடுத்துட்டாவ. நான் யாரையும் ஒண்ணும் சொல்லல. ஊருதான் அந்த நர்ஸம்மாகிட்டப் பேசுறத நிப்பாட்டிட்டு. பால்காரன் பால் ஊத்தல. ஊசி போட வந்தா எந்த வீட்டுலயும் கதவு தெறக்கல. அவ்வளவுதான். மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாவ. பெறகு ஐயருக்கும் மாத்தல் வந்துச்சு. புது ஐயரு நல்லவிய, வந்ததும் என்னைக் கூப்பிட்டு, டீச்சர் நீங்களே பாத்துக்கிடுங்கன்னுட்டாவ.

நீங்க அப்படி இல்ல. கேட்டதும் டப்பாவக் கொடுத்துட்டிய. அதனாலதான் இந்த வருசம் உங்க பிள்ளையவே எடுத்தேன்.

ஆமா, நடுவுல நிக்கிற வேஷம்தான். வேற எது? புதுசா வந்த பிள்ளைலா.

ஏன் எந்திரிக்கிய? இருங்கம்மா. மத்தப் பிள்ளைகளுக்கு அவள ரொம்பப் பிடிச்சிருக்கு. மத்தியானம் வரும்போதே முழங்கால்ல சிராய்ப்பு, ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. யாரும் தள்ளலம்மா, தானா விழுந்தேன்னுதான் சொன்னா. அத்தனை பிள்ளையும் சுத்தி நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சுவ, கண்ண எடுக்கல. அவ்வளவு பாசம். இந்த வருசம் ரிப்பனே வேண்டாம் டீச்சர்னு அதுகளே சொல்லிட்டுதுவ.

ஓலை மூக்கு புதுசு. பழசு நுனி மழுங்கிட்டு.

சரி, உங்களுக்கு மனசு கேக்கலன்னா இந்தா கை தட்டுதேன். பதில் வந்தாக் காப்பியக் குடிச்சிரணும், என்ன?

இருங்க. சரியா விழல, இன்னொரு தடவ.

காத்து எதிர்ப்பக்கம் அடிக்கு போல. நீங்களும் சேந்து தட்டுங்களேன்.

நர்ஸம்மா! ஓடாதிய, அந்தப் பக்கம் படி ஒடைஞ்சு கெடக்கு. நர்ஸம்மா, டப்பாவ விட்டுட்டுப் போறியளே. இது இல்லாம நான் ரெண்டாம் பாதிய எப்படிப் பழக்க?